‘சரி’ என்னும் பொத்தான்

1

கம்பம் பக்கத்து ஊர் ஒன்றில், ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, சமுதாயக்கூடத்துத் திண்ணையில் ஏழு பெண்பிள்ளைகளோடு உட்கார்ந்திருந்தேன். பன்னிரண்டாம் வகுப்பு முடித்துக் கல்லூரியில் சேர்ந்தவர்கள் சிலர், சேராமல் நின்றுபோனவர்கள் சிலர். விடுமுறை நாட்களில் அம்மாக்களோடு ஏலத்தோட்டத்துக்கு ஜீப் ஏறுகிறவர்கள். ஞாயிறு தோட்டத்தில் வேலை கிடையாது. அதனால்தான் அந்த நாள்.

அவர்கள் கையிலிருந்த போனில் ஓடிக்கொண்டிருந்தது நான் எழுதிய பாடம். அலுவலகத்துக்கு விண்ணப்பம் எழுதுவது எப்படி என்று சொல்லித்தரும் மின்பாடம். ஒரு கேள்விக்கு ஒருத்தி தவறான விடையைத் தொட்டாள். திரையில் ஒரு பெட்டி விரிந்தது. சரியான விடை எது, ஏன் என்று நான்கு வரி விளக்கம். அதற்கடியில் பச்சை நிறத்தில் ‘சரி’ என்றொரு பொத்தான். அவள் விளக்கத்தைப் படிக்கவில்லை. பொத்தானைப் பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டது.

“மிஸ், சரின்னு வந்துருச்சு!”

மற்றவர்களும் எட்டிப் பார்த்தார்கள். ஒருத்தியும் மறுத்துச் சொல்லவில்லை.

ஆங்கில வடிவத்தில் ‘ஓகே’ என்றிருந்த இடத்தில் தமிழாக்கியவர்கள் ‘சரி’ என்று போட்டிருந்தார்கள். ஆங்கிலத்தில் ‘ஓகே’ வேறு, ‘கரெக்ட்’ வேறு. தமிழில் இரண்டுக்கும் ‘சரி’ போதும். கடைவீதியில் அது குழப்பாது. கேள்வியும் பதிலும் நடக்கிற திரையில், அதுவும் பச்சை நிறத்தில் போட்டால், தவறு செய்த பிள்ளைக்கு ‘நீ செய்தது சரி’ என்று மதிப்பெண் போட்டு அனுப்பியது போலாகிவிடும்.

நான் தமிழில் முனைவர் பட்டம் பெற்றவள். கவிதையில் ஒரு சொல்லுக்காக ஒரு வாரம் காத்திருப்பவள் என்று என்னைப் பற்றி எனக்கு நினைப்பு உண்டு. அந்தத் திரைகள் என் பார்வைக்கு இரண்டு முறை வந்தன. இரண்டு முறையும் நான் அந்தச் சொல்லைப் பார்க்கவில்லை. இரண்டு முறையும் நானும் ‘சரி’ என்றுதான் பதில் எழுதி அனுப்பியிருந்தேன்.

2

மின்பாடம் தயாரிக்கும் ஒரு நிறுவனம் என்னை அணுகியது. முதல் தலைமுறையாகக் கல்லூரிக்கு வரும் மாணவர்களுக்கு அடிப்படைத் தமிழ் எழுத்துப் பயிற்சி. பன்னிரண்டு பாடங்கள். எழுதுவது நான், படமும் திரையும் அவர்கள் பொறுப்பு. பணம் பெரிதில்லை. ஆனாலும் நான் வகுப்பில் சொல்வது வகுப்புக்கு வெளியே போகும் என்ற ஆசை இருந்தது.

எழுதும்போது ஒரு விஷயத்தில் கவனமாக இருந்தேன். தமிழ் வினைமுற்றில் பால் தெரிவது படர்க்கையில்தான். வந்தான், வந்தாள். தன்மையிலும் முன்னிலையிலும் தெரியாது. வந்தேன், வந்தாய் என்றால் அது யாராகவும் இருக்கலாம். ஆகவே பாடம் முழுவதையும் முன்னிலையில் எழுதினேன். ‘நீங்கள் எழுதுங்கள்’, ‘நீங்கள் விண்ணப்பிக்கிறீர்கள்.’ படர்க்கை தவிர்க்க முடியாத இடங்களில் ‘விண்ணப்பிப்பவர்’ என்று பலர்பாலைப் பிடித்துக்கொண்டேன். இலக்கணம் நமக்கு விட்டுவைத்திருக்கும் இடம் அது. ஒரு பெண் தன்னைப் பொருத்திக்கொள்ள அங்கே தடை இல்லை.

படம் வந்தது. விண்ணப்பிப்பவர் சட்டையும் பேண்டும் போட்ட ஒரு பையன். வங்கி மேலாளர் கண்ணாடி போட்ட ஆண். தாசில்தார் ஆண். பெண் வந்த இடங்கள் மூன்று. ரேஷன் கார்டில் பெயர் சேர்க்கக் கேட்டு நிற்கும் அம்மா, ‘இப்படி எழுதக் கூடாது’ என்பதற்கு எடுத்துக்காட்டாகத் தப்பாக எழுதும் சிறுமி, எல்லாத் திரையிலும் ஓரத்தில் நின்று கைகூப்பி வரவேற்கும் ஆசிரியை. ஆசிரியைக்கு மெல்லிய இடை, வெளுத்த நிறம், பட்டுப்புடவை. எங்கள் கல்லூரியில் அந்த நிறத்தில் யாரும் இல்லை. செவ்வாய்க்கிழமை இரண்டாம் பாடவேளைக்குப் பட்டுப்புடவையில் வந்தால் மாணவிகளே சிரிப்பார்கள்.

இலக்கணம் திறந்துவைத்த கதவை ஓவியம் சாத்திவிட்டது. ‘விண்ணப்பிப்பவர்’ என்று எழுத முடியும், ‘விண்ணப்பிப்பவர்’ என்று வரைய முடியாது. வரைகிற கணத்தில் யாரோ ஒருவராக அது ஆகியே தீர வேண்டும். யாராக ஆகிறது என்பதை வரைபவரின் பழக்கம் முடிவு செய்கிறது. அந்தப் பழக்கம் ஏற்கனவே வாங்கி வைத்த படத்தொகுப்பிலிருந்து வருகிறது. விலைக்குக் கிடைக்கும் தொகுப்பில் அதிகாரி என்றால் ஆண் உருவம் முதலில் நிற்கிறது.

நான் இதைப் பார்த்தேன். ‘சரி’ பொத்தானைப் போல இது கண்ணில் படாமல் போகவில்லை. ஒரு மின்னஞ்சலில் மெதுவாகச் சொன்னேன். “அடுத்த பதிப்பில் பார்த்துக்கொள்ளலாம் மேடம், தேதி நெருங்குகிறது” என்றார்கள். தேர்வுத்தாள் திருத்தும் காலம் எனக்கு. சரி என்றேன்.

3

பாடநூலின் படங்களில் பெண் எங்கே இருக்கிறாள் என்று எண்ணிப் பார்ப்பது இந்தியப் பெண்ணியக் கல்விச் சிந்தனையில் பழைய வேலை. நரேந்திர நாத் காலியா பள்ளிப் பாடநூல்களை ஆராய்ந்து, அவை பிள்ளைகளுக்குச் சொல்லும் பொய்களைப் பற்றி 1979-ல் ஒரு நூலே எழுதினார். 1986-ன் தேசியக் கல்விக் கொள்கை, தொழிற்கல்விப் படிப்புகளில் ஆண் வேலை பெண் வேலை என்ற வார்ப்புகளை நீக்க வேண்டும் என்றது. 2024-ல் கேரளத்தின் மூன்றாம் வகுப்புப் பாடநூலில் அப்பா தேங்காய் துருவும் படம் வந்தபோது நாடு முழுக்கச் செய்தியானது. ஒரு ஆண் தேங்காய் துருவுவது செய்தியாகும் அளவுக்கு அந்தப் படம் தாமதமாக வந்திருக்கிறது. எங்கள் பெண்கள் தினமும் குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு வழியாக ஏறிப் போய் வேலை பார்க்கிற மாநிலம் அது. இறங்கி வந்ததும் தேங்காய் துருவுவது அவர்கள்தான்.

இப்படி எண்ணுவது தேவை. எண்ணிக்கையோடு நின்றுவிடுவது போதாது என்பதை அந்தத் திண்ணையில்தான் கற்றேன். அச்சுப் புத்தகம் படத்தைக் காட்டிவிட்டு நின்றுகொள்ளும். மின்பாடம் நம்மிடம் கேட்கிறது, காத்திருக்கிறது, நேரம் குறிக்கிறது, மதிப்பிடுகிறது, நம்மைப் பற்றி இன்னொருவருக்கு அறிக்கை அனுப்புகிறது. பாதிப் படங்களில் பெண்ணை வரைந்துவிட்டு, மீதி எல்லாவற்றையும் ஒரு ஆணின் நாளுக்கு ஏற்றபடி செய்துவைக்க முடியும். அது எண்ணிக்கையில் தெரியாது. சோதனையில்தான் தெரியும். ஆகவே, யாரை வைத்துச் சோதித்தார்கள் என்பது பெண்ணியக் கேள்வி.

4

நிறுவனம் எனக்கு ஒரு சோதனை அறிக்கை அனுப்பியிருந்தது. ஐந்து மாணவர்கள் பாடத்தைப் பயன்படுத்தினார்கள், பெரிய சிக்கல் எதுவும் இல்லை என்றது அது. ஏன் ஐந்து பேர் மட்டும் என்று கேட்டேன். உலகம் முழுக்க அப்படித்தான் என்றார்கள்.

தேடிப் படித்தேன். ஜேக்கப் நீல்சன் என்ற வடிவமைப்பு ஆய்வாளர் 2000-ல் எழுதிய ஒரு கட்டுரை இந்தத் துறையில் வேதவாக்கு போல. ஐந்து பேரை வைத்துச் சோதித்தாலே ஏறக்குறைய 85 சதவீதச் சிக்கல்கள் வெளிப்பட்டுவிடும், பணத்தை ஒரே பெரிய சோதனையில் கொட்டாமல் திருத்தித் திருத்திச் சிறு சோதனைகளாகச் செய்யுங்கள் என்பது அவர் வாதம். நியாயமான வாதம்தான். ஆனால் அதே கட்டுரையில் இன்னொன்றும் இருக்கிறது. பயன்படுத்துபவர்கள் ஒன்றுக்கொன்று மிகவும் வேறுபட்ட குழுக்களாக இருந்தால் ஒவ்வொரு குழுவையும் தனியாகச் சோதிக்க வேண்டும் என்கிறார். ‘ஐந்து’ ஊர் ஊராகப் போனது. இந்த நிபந்தனை போகவில்லை.

எங்கள் பாடத்தைச் சோதித்த ஐந்து பேரும் ஒரு நகரத்துக் கல்லூரி மாணவர்கள். நிறுவனத்தின் அறையில், நிறுவனத்தின் டேப்லெட்டில், நிறுவனத்தின் வைஃபையில், காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு, ஒரு முற்பகலில் பாடத்தை முடித்தவர்கள். அவர்களில் இரண்டு பேர் பெண்கள் என்று பெருமையாகக் குறிப்பிட்டிருந்தது. அந்த அறைக்குள் வந்த பிறகு பெண்ணுக்கும் ஆணுக்கும் என்ன வித்தியாசம் மிஞ்சும்? போன் யாருடையது, இந்த நேரம் யாருடையது, சத்தம் வெளியே கேட்டால் யார் என்ன சொல்வார்கள் என்ற கேள்விகளை வாசலிலேயே கழற்றி வைத்துவிட்டுத்தானே உள்ளே போகிறார்கள்.

2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் 15 முதல் 49 வயது வரையுள்ளவர்களில் எப்போதாவது இணையத்தைப் பயன்படுத்திய பெண்கள் 33.3 சதவீதம், ஆண்கள் 57.1 சதவீதம். பயன்படுத்தியவர்களிலும் எத்தனை பெண்கள் தன் கையில், தன் நேரத்தில் பயன்படுத்தினார்கள் என்பது அந்த எண்ணுக்குள் இல்லை.

5

திண்ணைக்கு வருகிறேன். நான் போனது சோதிக்கத்தான், ஆனால் அந்தச் சொல்லைச் சொல்லவில்லை. “பாடம் நல்லா இருக்கா, எங்கே இடிக்குதுன்னு சொல்லுங்க” என்று மட்டும் கேட்டேன். உதவி செய்யாமல் பார்த்துக்கொண்டிருப்பதுதான் கடினமாக இருந்தது. ஆசிரியருக்கு வாய் சும்மா இருக்காது.

முதலில் தெரிந்தது சத்தம். பாடத்தில் விளக்கமெல்லாம் குரலாக வந்தது. திரையில் படம் மட்டும். இதற்கு ஆய்வு ஆதாரம் உண்டு. ரிச்சர்ட் மேயர் என்ற உளவியலாளர், படத்தோடு குரல் வந்தால் நன்றாகப் பதிகிறது, அதே சொற்களைத் திரையில் எழுத்தாகவும் போட்டால் கவனம் சிதறுகிறது என்று காட்டியிருக்கிறார். எங்கள் வடிவமைப்பாளர் அதைச் சொல்லித்தான் எழுத்தை நீக்கினார். ஏழு பேரும் போனைத் தொட்டவுடன் செய்த முதல் வேலை சத்தத்தைக் குறைத்தது. யாரும் சொல்லித்தரவில்லை. ஒரே அறை வீடு, அப்பா தூங்குவார், தம்பி படிப்பான், பாட்டி ‘என்னத்தா போன்ல பேச்சு’ என்பார். ஹெட்போன் மாட்டினால் யாரோடு பேசுகிறாள் என்ற சந்தேகம் வரும். குரல் போனதும் பாடமே போய்விட்டது. கையாட்டும் ஆசிரியையும் ஒரு பையனும் மட்டும் மிச்சம். ஆய்வுக்கூடத்தில் கவனத்தைச் சிதறடிக்கும் எழுத்து, எங்கள் வீடுகளில் பாடத்தின் ஒரே வழி. எழுத்தை வேண்டியவர்கள் திறந்துகொள்ள ஒரு பொத்தான் வைத்திருந்தால் இரு தரப்புக்கும் போதுமாயிருக்கும்.

அடுத்தது எழுத்து. ஆங்கிலச் சொல்லின் அளவுக்கு வெட்டிய பொத்தானுக்குள் ‘சமர்ப்பிக்கவும்’ அடங்கவில்லை. ‘சமர்ப்பி…’ என்று மூன்று புள்ளியோடு நின்றது. வரிகளை நெருக்கி அடுக்கியதில் மேல்வரியின் உகர ஊகாரக் கால்கள் கீழ்வரியின் இகர ஈகாரக் கொக்கிகளில் மோதின. அம்மா போனின் கீறல் விழுந்த கண்ணாடியில் ‘குறி’யும் ‘குறீ’யும் ஒன்றாகத் தெரிந்தன. கண்ணை இடுக்கிக்கொண்டு படித்தவள், “எனக்குத்தான் மிஸ் படிக்க வரல” என்றாள். திரையின் தவறைத் தன் தவறாக எடுத்துக்கொள்ள அவளுக்கு ஒரு நொடிகூட ஆகவில்லை. பெண்பிள்ளைகளை அதற்குத்தானே பழக்கி வைத்திருக்கிறோம்.

மூன்றாவது நேரம். ஒவ்வொரு கேள்விக்கும் அறுபது நொடி. ஒருத்தி விடை யோசிக்கையில் வீட்டிலிருந்து கூப்பிட்டார்கள். தண்ணீர் வந்துவிட்டது, நான்கு குடம் பிடித்துவிட்டு வந்தாள். கேள்வி காலாவதியாகி, சிவப்பில் ஒரு பெருக்கல் குறி நின்றது.

நான்காவதைச் சொல்லும்போதுதான் என் குரல் மாறுகிறது. ஏழு பேரில் ஒருத்தி, பெயர் வேண்டாம் என்றாள், எல்லாப் பாடங்களையும் ஏற்கனவே முடித்திருந்தாள். அவள் சேர்ந்திருந்த ஒரு பயிற்சி நிலையம் இதே பாடத்தொகுப்பைப் பயன்படுத்தியது. தினமும் பதினைந்து நிமிடம் திறந்தால் திரையில் ஒரு சுடர் எரியும். ஒருநாள் விட்டால் அணைந்துவிடும். அவளிடம் இருப்பது அண்ணனின் போன். ஞாயிறு மட்டும் கிடைக்கும். ஞாயிறு முழுதும் உட்கார்ந்து மூன்று நான்கு பாடங்களை முடித்துவிடுவாள். விடைகளில் பெரும்பாலும் தவறில்லை. ஆனால் நிலையத்துக்குப் போன அறிக்கையில் அவள் பெயருக்கு நேரே ‘ஈடுபாடு குறைவு’ என்று ஆரஞ்சு நிறத்தில் இருந்தது. போட்டித் தேர்வுக்கான அடுத்த கட்டப் பட்டியலில் அவள் இல்லை.

யாரும் அவளைப் பெண் என்று ஒதுக்கவில்லை. யாரும் ஒதுக்கவே இல்லை. சுடர் அணைந்தது, நிறம் மாறியது, பட்டியல் தானாகத் தயாரானது. வாரத்தில் ஆறு நாள் போன் இல்லாததற்கு ‘ஈடுபாடு குறைவு’ என்று ஒரு வடிவமைப்பாளர் பெயர் வைத்திருக்கிறார். அந்தப் பாடத்தின் முகப்பில் என் பெயர் இருக்கிறது.

6

இந்தப் பெண்களின் கண்ணைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஏலக்காயை முற்றிப் பழுப்பதற்குச் சற்று முன் பறிக்க வேண்டும். ஒரே சரத்தில் பிஞ்சும் பருவக்காயும் சேர்ந்திருக்கும். பிஞ்சை விட்டு, பருவத்தை மட்டும் எடுக்க வேண்டும், குனிந்தபடி, மழையில். போடிநாயக்கனூர் குடோன்களில் பெண்கள் உட்கார்ந்து காயைத் தரம் பிரிக்கிறார்கள். எட்டு மில்லிமீட்டர் காய்க்கு ஒரு விலை, ஏழுக்கு ஒரு விலை. பச்சை சற்று வெளிறினாலும் விலை இறங்கும். அந்தக் கண்ணுக்குத்தான் ‘எளிமையான படம் போதும், கிராமப்புறம்’ என்று அறிக்கையில் எழுதியிருந்தார்கள்.

வேறு மாதிரியும் செய்ய முடியும் என்பதற்கு முன்னுதாரணங்கள் இருக்கின்றன. 2003-ல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் எம்.பி. விஜயகுமார் தொடங்கிவைத்து, 2007-ல் மாநிலம் முழுதும் பரவிய செயல்வழிக் கற்றலை நினைத்துப் பாருங்கள். ரிஷிவேலியின் முறையிலிருந்து வந்தது. பாடத்தைச் சிறு அட்டைகளாக்கி, ஒவ்வொன்றுக்கும் ஒரு சின்னம் போட்டு, கற்றல் ஏணியில் தன் இடம் எது என்று பிள்ளையே பார்த்துக்கொள்ளும்படி செய்தார்கள். பத்து நாள் பள்ளிக்கு வராத பிள்ளை திரும்பி வந்தால் விட்ட அட்டையிலிருந்து தொடங்கலாம். அதன் குறைகளைப் பற்றியும் விவாதம் உண்டு. ஆனால் அந்த ஏணி வராத நாட்களுக்குத் தண்டிக்கவில்லை. எங்கள் சுடர் தண்டித்தது.

இன்னும் தள்ளிப் போனால் மேரி நியூராத். 1920களின் வியன்னாவில் ஆட்டோ நியூராத்தோடு சேர்ந்து, புள்ளிவிவரத்தைப் பாமரருக்குப் படமாக்கும் ‘ஐசோடைப்’ முறையை உருவாக்கியவர்களில் ஒருவர். நிபுணர் தரும் தகவலுக்கும் ஓவியர் வரையும் படத்துக்கும் நடுவில் உட்கார்ந்து, பார்ப்பவர் சார்பில் எதைக் காட்ட வேண்டும் என்று முடிவெடுப்பது அவர் வேலை. அதற்கு ‘மாற்றுநர்’ என்று பெயர். கணவர் 1945-ல் இறந்த பின்னும் லண்டனிலிருந்து அதைத் தொடர்ந்தார். 1950களில் மேற்கு நைஜீரிய அரசுக்காகக் கல்வி, சுகாதாரம், வாக்குரிமை பற்றிய சிற்றேடுகள் செய்தபோது அங்கே நேரில் போனார். ஐரோப்பாவுக்கு வரைந்ததை அப்படியே அனுப்பவில்லை, அந்த ஊர் மக்களுக்கேற்ப உருவங்களை மாற்றி அமைத்தார். வரலாறு நெடுங்காலம் ஆட்டோவின் பெயரையே சொன்னது.

என் அம்மா தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அறிவொளி வகுப்புக்குப் போனார். தெருவிளக்கின் கீழ் பக்கத்து வீட்டு அக்கா புத்தகத்தை விரித்துவைப்பார். படத்தைக் காட்டி எழுத்தைச் சொல்லும்போது அக்காவின் கண் புத்தகத்தில் இருக்காது, அம்மாவின் முகத்தில் இருக்கும். விளங்கவில்லை என்று முகம் சொன்னால் வேறு விதமாகச் சொல்வார். அதைவிட நல்ல சோதனைமுறையை நான் இதுவரை எந்த அறிக்கையிலும் படித்ததில்லை.

7

இதைப் படிக்கும் மாணவிகளுக்கு ஒரு வேலை தருகிறேன். உங்கள் கையில் வரும் அடுத்த மின்பாடத்தைச் சத்தம் இல்லாமல் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். நடுவில் பத்து நிமிடம் வைத்துவிட்டுப் போய்த் திரும்பி வாருங்கள், அது உங்களுக்காகக் காத்திருக்கிறதா என்று பாருங்கள். விரல்பட்ட, கீறல்விட்ட போனில் பாருங்கள். தவறு செய்து பாருங்கள், என்ன தொனியில் திருத்துகிறது? படத்தில் அதிகாரி யார், தவறு செய்பவர் யார், கைகூப்பி நிற்பவர் யார்? உங்களைப் பற்றி அது யாருக்கு என்ன சொல்கிறது? ஒரு கவிதையைப் படிக்கும் கவனத்தோடு இதைப் படியுங்கள். இனி நம் பிள்ளைகள் அதிகம் படிக்கப்போவது இதைத்தான்.

எல்லாவற்றையும் எழுதி நிறுவனத்துக்கு அனுப்பினேன். இந்த முறை மெதுவாகச் சொல்லவில்லை. அந்தப் பயிற்சி நிலையத்துக்கும் ஒரு கடிதம் எழுதினேன், விண்ணப்பம் எழுதக் கற்றுக்கொடுப்பவள்தானே. நிலையத்திலிருந்து பதில் வரவில்லை. நிறுவனத்திலிருந்து வந்தது. வரிவிளக்கம் சேர்க்கிறோம், வரி இடைவெளியைச் சரிசெய்கிறோம், நேரக்கணக்கைத் தளர்த்துகிறோம், ‘சரி’ என்பதற்கு மாற்றுச் சொல் தாருங்கள் என்றார்கள். படங்களும் சுடரும் ‘பரிசீலனையில்’.

மாற்றுச் சொல்லுக்கு நான் இரண்டு நாள் யோசித்தேன். ‘தொடர்க’, ‘அடுத்து’, ‘புரிந்தது’. மறு ஞாயிறு திண்ணையில் கேட்டேன். ‘புரிந்தது’ வேண்டாம் என்றார்கள், புரியாவிட்டாலும் அதைத்தான் அழுத்த வேண்டியிருக்கும். பட்டியலில் இல்லாதவள்தான் சொன்னாள்:

“‘படிச்சுட்டேன்’னு போடுங்க மிஸ். படிச்சாத்தான அழுத்துவோம்.”

தன்மை வினைமுற்று. அதில் பால் இல்லை. ஆனால் ஒருத்தி தானே தன்னைப் பற்றிச் சொல்லும் சொல் அது. புதிய பதிப்பில் ‘படித்துவிட்டேன்’ என்று வந்திருக்கிறது, பொத்தானையும் அகலப்படுத்தியிருக்கிறார்கள். பையன் இன்னும் பேண்ட் சட்டையோடு விண்ணப்பம் எழுதிக்கொண்டிருக்கிறான். அவள் இப்போதும் ஞாயிறுதோறும் அண்ணனின் போனில் படிக்கிறாள். சுடர் திங்கட்கிழமை அணைந்துவிடுகிறது.